நான்கு புழுக்களும் ஒரு குடும்ப மரமும்

மண்புழு, நாடாப்புழு, கொக்கிப்புழு, பட்டுப்புழு. நான்குக்கும் தமிழில் ஒரே சொல்தான். நீளமாக, மென்மையாக நெளிவது எதுவோ அது புழு. ஆனால் விலங்கியல் இந்த நான்கையும் நான்கு வெவ்வேறு தொகுதிகளில், அதாவது விலங்குலகின் பெரும் பிரிவுகளில், வைக்கிறது. பட்டுப்புழுவுக்கு மண்புழுவைவிட நண்டு நெருங்கிய சொந்தம். கொக்கிப்புழுவுக்கும் அப்படித்தான். மண்புழுவோ நத்தையின் பக்கத்து உறவு.

'அட்டை' என்ற சொல்லும் இதே வேலையைச் செய்கிறது. ரத்தம் உறிஞ்சும் அட்டை மண்புழுவின் கூட்டத்தைச் சேர்ந்தது. கடலடியில் கிடக்கும் கடல் அட்டைக்கும் அதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. கடல் அட்டை நட்சத்திர மீனின் இனம். உறவு முறைப்படி பார்த்தால் ரத்தம் உறிஞ்சும் அட்டையைவிட அது நமக்குத்தான் நெருக்கம்.

இந்தப் பெயர்களில் பிழை ஏதும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து மக்கள் பெயரிட்டார்கள். வகைப்பாட்டு அறிவியலின் தந்தை என்று போற்றப்படும் சுவீடனின் கார்ல் லின்னேயஸ்கூட இங்கே தடுமாறியவர்தான். 1758இல் அவர் விலங்குகள் அனைத்தையும் ஆறு வகுப்புகளாகப் பிரித்தார். கடைசி வகுப்பின் பெயர் புழுக்கள். நத்தை, கணவாய், ஜெல்லி மீன், நட்சத்திர மீன், மண்புழு என்று வேறெங்கும் பொருந்தாதவை எல்லாம் அந்த ஒரே கூடைக்குள் போயின. அந்தக் கூடையைப் பிரித்து அடுக்க உயிரியலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

பள்ளியில் படித்த ஏழு படிகள் பலருக்கு நினைவிருக்கும்: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். நாய் விலங்குலகத்தைச் சேர்ந்தது. முதுகுநாணிகள் தொகுதி, பாலூட்டிகள் வகுப்பு, ஊனுண்ணிகள் வரிசை, நாய்க் குடும்பம் என்று இறங்கிக்கொண்டே வரலாம். இதை மனப்பாடம் செய்யச் சொல்லும்போது ஒரு முக்கியமான செய்தி விட்டுப்போகிறது. இந்தப் படிகள் யாரோ அடுக்கிவைத்த அலமாரித் தட்டுகள் அல்ல. இது ஒரு குடும்ப மரத்தின் வரைபடம். ஒரே பிரிவில் இருக்கும் விலங்குகள் ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்பதுதான் அதன் பொருள். எனவே தொகுதிகளைப் புரிந்துகொள்ள, மரத்தின் நுனியில் ஒரு கிளை இரண்டாகப் பிரிவதை முதலில் பார்ப்பது நல்லது.

ஒன்று இரண்டாவது எப்படி?

சிற்றினம் என்பதற்குப் பல வரையறைகள் உண்டு. அதிகம் பயன்படுவது உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் 1942இல் சொன்னது: தங்களுக்குள் இயல்பாக இணைந்து இனப்பெருக்கம் செய்யும் கூட்டம், பிற கூட்டங்களோடு அப்படிக் கலக்காத கூட்டம், அதுவே ஒரு சிற்றினம். இணை சேராமலே பெருகும் உயிர்களுக்கு இது பொருந்தாது, புதைபடிவங்களுக்கும் பொருந்தாது. ஆனாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் பனாமா நிலப்பாலம் ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முழுமையாக எழுந்து நின்றது. அதற்கு முன்பு பசிபிக் பெருங்கடலும் கரீபியன் கடலும் அந்த இடத்தில் ஒன்றாகக் கலந்திருந்தன. அந்த நீரில் ஒருவகை இறால்கள் வாழ்ந்தன. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும். அதைச் சொடுக்கினால் வெடிபோலச் சத்தம் கேட்கும். நிலம் மெல்ல உயர்ந்தபோது கூட்டம் இரண்டாக அறுபட்டது. பாதி இந்தக் கடலில், பாதி அந்தக் கடலில்.

அதன்பின் எந்தப் பெரிய நாடகமும் நடக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக்கள் நகலெடுக்கப்படும்போது சில பிழைகள் விழும். பெரும்பாலானவை எதையும் மாற்றாது. சில கெடுதல் செய்யும். அரிதாக ஒன்று அந்த உயிரி பிழைத்துப் பெருக உதவும். உதவுவது பரவும், கெடுப்பது மறையும். டார்வினும் வாலஸும் 1858இல் உலகுக்கு முன்வைத்த இயற்கைத் தேர்வு இதுதான். இரண்டு கடல்களிலும் இது தனித்தனியே நடந்தது. ஒரு பக்கத்தில் விழுந்த மாற்றம் மறுபக்கம் போய்ச் சேர வழியில்லை.

கடல் உயிரியலாளர் நான்சி நோல்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இரு கடல்களிலிருந்தும் இந்த இறால்களைப் பிடித்து, ஒரு பக்கத்து ஆணையும் மறுபக்கத்துப் பெண்ணையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 1993இல் வெளிவந்தன. தோற்றத்தில் அவை இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. மரபணுவிலும் நிலத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததே ஒவ்வொன்றுக்கும் மிக நெருங்கிய சொந்தம். ஆனாலும் அவை ஒன்றையொன்று ஏற்கவில்லை. இணைந்து முட்டையிட்டவை மிகச் சில. ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தொகுதி என்பதும் இப்படிப்பட்ட ஒரு பிளவில் தொடங்கியதுதான். நத்தையின் முன்னோரும் நண்டின் முன்னோரும் முதன்முதலில் பிரிந்த காலத்தில் அங்கே நத்தையும் இல்லை, நண்டும் இல்லை. கடலடியில் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்த இரண்டு சிறிய உயிரினங்கள் இருந்திருக்கும், அவ்வளவுதான். அன்று ஒருவர் இருந்து பார்த்திருந்தால் அவற்றை இரண்டு சிற்றினங்கள் என்றுகூடத் தயங்கித்தான் சொல்லியிருப்பார். அதற்குப்பின் ஓடிய 54 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம்தான் அந்தச் சின்ன விரிசலைத் தொகுதி என்ற பெரிய இடைவெளி ஆக்கியிருக்கிறது. இன்றுள்ள விலங்குத் தொகுதிகளில் பலவற்றின் முதல் தெளிவான புதைபடிவங்கள் ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்துப் பாறைகளில் கிடைக்கின்றன.

உடலின் கட்டுமானம்

இன்று முப்பதுக்கும் சற்று அதிகமான விலங்குத் தொகுதிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன. பெயரிடப்பட்ட விலங்குகளில் மிகப் பெரும்பாலானவை ஒன்பதில் அடங்கிவிடும். தொகுதியை அடையாளம் காண அளவையோ நிறத்தையோ பார்க்கக் கூடாது. கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும். உடலுக்கு எத்தனை அடுக்கு, எத்தனை வாசல், எந்தப் பக்கம் சமச்சீர், எலும்புக்கூடு உள்ளேயா வெளியேயா, இப்படி.

கடற்பஞ்சுகளில் தொடங்கலாம். துளையுடலிகள் தொகுதி. இவற்றுக்கு நரம்பு இல்லை, தசை இல்லை, வாய் இல்லை, வயிறும் இல்லை. உடல் முழுக்க நுண்துளைகள். சாட்டை போன்ற இழையுள்ள செல்கள் நீரை உள்ளே இழுத்து, அதில் வரும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். 1907இல் ஹென்றி வில்சன் என்ற விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்தார். செல்கள் தனித்தனியாகப் பிரிந்து நீரில் கலங்கலாக இறங்கின. அவர் காத்திருந்தார். செல்கள் ஊர்ந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டி, சிறு கட்டிகளாகி, மறுபடியும் கடற்பஞ்சாகவே உருவெடுத்தன. தனிச் செல்களின் கூட்டம் எப்படி ஓர் உடலாக மாறியிருக்கும் என்ற கேள்விக்கு இதைவிடக் கிட்டத்தில் நின்று பார்க்க ஒரு காட்சி கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

ஜெல்லி மீன், பவளம், கடல் சாமந்தி, ஹைட்ரா ஆகியவை குழியுடலிகள். இரண்டு செல் அடுக்குகள், நடுவே கூழ். உணவு போகும் வாசலும் கழிவு வரும் வாசலும் ஒன்றே. உடல் சக்கரம்போல ஆரச் சமச்சீர் உடையது. முன்பக்கம் என்று எதுவும் இல்லை. இந்தத் தொகுதிக்கே உரிய முத்திரை கொட்டும் செல். அதனுள் சுருட்டிவைக்கப்பட்ட நுண்ணிய ஈட்டி ஒன்று, நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் வெளியே பாயும். பவளப்பாறையைக் கட்டும் பொறுமையான உயிரியிடமும் இந்த ஆயுதம் இருக்கிறது.

மற்ற பெரிய தொகுதிகளின் பொதுவான அடையாளம் இருபக்கச் சமச்சீர். இடம் வலம் உண்டு, முன் பின் உண்டு. ஒரு திசை நோக்கி நகரும் உயிருக்கு எதிர்ப்படும் எல்லாவற்றையும் முதலில் சந்திப்பது முன்பக்கம். அதனால் கண்ணும் மோப்பமும் வாயும் அங்கே குவிந்தன. தலை வந்த கதை அது.

இனி நம் புழுக்களுக்கு வருவோம். நாடாப்புழு தட்டைப்புழுக்கள் தொகுதி. இவற்றுக்கு ரத்த ஓட்டம் கிடையாது; ஆக்சிஜன் தோல் வழியே ஊடுருவிச் செல்ல வேண்டும். தடித்த உடலாக இருந்தால் உள்ளே இருக்கும் செல்கள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். தட்டையாக இருப்பது அவற்றுக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். அடுத்தவர் குடலிலேயே வாழும் நாடாப்புழுவுக்குச் சொந்தக் குடல்கூட இல்லை. செரித்த உணவைத் தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது.

கொக்கிப்புழு உருளைப்புழுக்களைச் சேர்ந்தது. உடல் சுவரில் நெடுக்குத் தசை மட்டுமே உண்டு, சுற்றுத் தசை இல்லை. அதனால் அது நீளவோ குறுகவோ முடியாமல் சாட்டைபோல வளைந்து துள்ளும். மேலே கெட்டியான ஓர் உறை. வளரும்போது அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். இந்தக் கழற்றும் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்புழுவுக்கு இரண்டு தசைகளும் உண்டு. சுற்றுத் தசை இறுகினால் உடல் மெலிந்து நீளும். நெடுக்குத் தசை இறுகினால் குறுகித் தடிக்கும். நகரும்போது நழுவாமல் இருக்க ஒவ்வொரு வளையத்திலும் நுண்முட்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். விரலுக்குத் தட்டுப்பட்டாலும் கண்ணுக்கு அவை தெரிவது கடினம். ஆனால் காதால் கேட்க முடியும். உலர்ந்த தாளின் மேல் ஒரு பெரிய மண்புழுவைச் சற்று நேரம் ஊரவிட்டு, காதைத் தாளுக்கு அருகே கொண்டுபோனால் சரசரவென்று மெல்லிய உராய்வொலி வரும். வளைதசைப்புழுக்கள் என்ற தொகுதியின் இலக்கணத்தையே அந்த ஒலியில் கேட்கலாம். (கேட்டுவிட்டு உடனே ஈர மண்ணில் விட்டுவிடுங்கள், அது ஈரத்தோலால் சுவாசிக்கும் உயிர்.)

பட்டுப்புழுவோ கணுக்காலிகள் தொகுதி. ஓர் அந்துப்பூச்சியின் இளம்பருவம். பூச்சி, சிலந்தி, தேள், நண்டு, இறால், பூரான் எல்லாம் இங்கேதான். வெளியே கைட்டின் என்ற பொருளாலான கூடு, மூட்டுப் போட்ட கால்கள். இதுவரை பெயரிடப்பட்ட விலங்குச் சிற்றினங்கள் ஏறத்தாழ 15 லட்சம் என்றால் அவற்றில் 10 லட்சத்துக்கும் மேல் கணுக்காலிகள். கவசம் வளராது, எனவே அவையும் அவ்வப்போது தோலுரித்தாக வேண்டும்.

மெல்லுடலிகளில் நத்தை, சிப்பி, கணவாய், ஆக்டோபஸ். தசையாலான பாதம், உள்ளுறுப்புகளைப் போர்த்தும் மேன்டில் என்ற மடிப்பு, அந்த மடிப்பு சுரக்கும் ஓடு. சிப்பி இனம் தவிர மற்றவற்றின் வாயில் அரம்போன்ற பல்வரிசை இருக்கும். ஆக்டோபஸ் ஓட்டைத் துறந்துவிட்டது. அதன் கண் நம் கண்ணைப் போலவே வில்லையும் விழித்திரையும் கொண்டது. ஆனால் நம் விழித்திரையில் நரம்பிழைகள் முன்பக்கமாக ஓடி ஒரு துளை வழியே பின்னால் இறங்குகின்றன. அந்த இடத்தில் நமக்குப் பார்வை இல்லை. ஆக்டோபஸின் நரம்பிழைகள் பின்புறமாகவே கிளம்புவதால் அதற்குக் குருட்டுப்புள்ளி கிடையாது. இரண்டு கிளைகள் தனித்தனியே தேடி ஒரே விடையை அடைந்திருக்கின்றன. அதனால்தான் ஒற்றுமையைப் பார்த்ததும் உறவு என்று முடிவு கட்டக் கூடாது.

குழந்தைப் பருவம் காட்டிக்கொடுக்கும்

அப்படியானால் உறவை எங்கே தேடுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதில்: முட்டையிலிருந்து வரும் இளவுயிரியைப் பாருங்கள்.

கடலோரப் பாறைகளிலும் கப்பல்களின் அடியிலும் சுண்ணாம்பு ஓட்டோடு அப்பிக் கிடக்கும் பார்னக்கிள்களை லின்னேயஸ் சிப்பிகளோடு வைத்தார். பிரான்சின் பெரும் உடற்கூற்று அறிஞர் குவியேவும் மெல்லுடலி என்றார். ஓடு இருக்கிறது, நகர்வதில்லை, வேறென்ன சொல்ல? 1830இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ஜான் வாகன் தாம்சன் என்பவர் கடல்நீரில் நீந்திய சின்னஞ்சிறு உயிர் ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிக் குடுவையில் வைத்துக் கவனித்தார். மூட்டுக் கால்களோடு சுறுசுறுப்பாக நீந்திய அது, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்னக்கிளாக உருமாறியது. அது நண்டு, இறாலின் சொந்தம்! தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, காலால் உணவை வாரி வாயில் போட்டுக்கொள்ளும் கணுக்காலி. டார்வின் தம் புகழ்பெற்ற நூலை எழுதுமுன் எட்டு ஆண்டுகளை, 1846 முதல் 1854 வரை, இந்த ஓர் உயிரினக் குழுவுக்காகவே செலவிட்டார்.

முட்தோலிகளின் கதை இன்னும் வியப்பானது. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை. எல்லாமே கடலில்தான், நன்னீரிலோ நிலத்திலோ ஒன்றுகூட இல்லை. வளர்ந்த உடல் ஐந்து கூறாகப் பிரிந்திருக்கும்; உடலுக்குள் நீர்க்குழாய்கள் ஓடி, நூற்றுக்கணக்கான சின்னக் குழாய்க் கால்களை இயக்கும். தலை இல்லை, மூளை இல்லை. குவியே இவற்றை ஜெல்லி மீனோடு சேர்த்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் இளவுயிரியைப் பாருங்கள்: அது இடம் வலம் உள்ள இருபக்க உயிரி. ஐந்து கூறு பின்னால் வந்தது. இன்னும் பின்னோக்கிப் போய்க் கருவைப் பார்த்தால், செல்களாலான சிறு பந்து ஓரிடத்தில் உள்ளே குழிகிறது. நத்தை, மண்புழு போன்றவற்றில் பொதுவாக அந்தக் குழியின் பக்கமே வாய் அமைகிறது. நட்சத்திர மீனில் அது மலவாய் ஆகிறது; வாய் வேறு இடத்தில் பிறகு திறக்கிறது. மனிதன் உட்பட முதுகெலும்பு உள்ளவற்றிலும் இதே முறைதான். மரபணு ஒப்பீடுகளும் இந்த உறவையே உறுதி செய்தன.

நம் தொகுதியான முதுகுநாணிகளுக்கும் ஒரு பார்னக்கிள் உண்டு. கடல் பீச்சி என்பது பாறையில் ஒட்டிய தோல்பை போன்றது. தொட்டால் நீரைப் பீச்சும். பார்ப்பவர் மெல்லுடலி என்றே சொல்வார். நெடுநாள் அப்படித்தான் சொன்னார்கள். 1866இல் ரஷ்யாவின் அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி அதன் இளவுயிரியை ஆராய்ந்தார். தலைப்பிரட்டை போன்ற வால், வாலில் முதுகுநாண் என்ற வளையும் தண்டு, அதற்கு மேலே குழல் வடிவ நரம்பு வடம். முதுகுநாணியின் அடையாளங்கள் அங்கே இருந்தன. ஒட்டிக்கொள்ளும் இடம் கிடைத்ததும் வாலையும் நாணையும் அது இழந்துவிடுகிறது. நாமும் கருவில் அந்த நாணோடுதான் தொடங்குகிறோம். முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுகளின் நடுவிலுள்ள கூழ்ப்பகுதி அதிலிருந்து வருவதே.

மரபணு வந்தபின்

உடலை மட்டும் பார்த்து வரைந்த மரத்தில் ஒரு கிளை எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்தது: மண்புழுவும் பூச்சியும் நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் உடல் வளையம் வளையமாக இருக்கிறதே! குவியே 1812இல் சொன்னது ஏறத்தாழ இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நின்றது. 1997இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு அதைப் பிரித்துப் போட்டது. பூச்சியும் நண்டும் மண்புழுவை விட்டு விலகி, வளையமே இல்லாத உருளைப்புழுவோடு போய்ச் சேர்ந்தன. இரண்டுக்கும் பொதுவானது அந்தத் தோலுரிக்கும் பழக்கம். மண்புழு நத்தையின் பக்கம் நின்றது. அவற்றின் கடல்வாழ் உறவினர்களின் இளவுயிரிகள் இடுப்பில் நுண்மயிர்ப் பட்டையோடு ஒன்றுபோல இருப்பது ஏற்கெனவே தெரிந்ததே.

இந்த மரத்தில் உச்சி என்று ஓர் இடம் இல்லை. நம்மைக் கீழிருந்து மேலாக ஏறிவந்த கடைசிப் படியாகக் காட்டும் படங்களை நான் விரும்புவதில்லை. இன்று உயிரோடிருக்கும் ஜெல்லி மீனும் நம்மைப் போலவே அத்தனை கோடி ஆண்டுகளையும் கடந்து வந்ததுதான். அது நம் பாட்டி அல்ல. மிகத் தொலைவான பங்காளி.

மரபணுவும் ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு புழு சாட்சி. சீனோடர்பெல்லா. சுவீடனின் மேற்குக் கடற்கரையில், சேற்றடியில் வாழும் சில சென்டிமீட்டர் நீளப் புழு. மூளை இல்லை, மலவாய் இல்லை. 1949இல் விவரிக்கப்பட்டபோது தட்டைப்புழு என்றார்கள். 1997இல் அதன் மரபணுவைப் படித்தவர்கள் மெல்லுடலி, அதுவும் சிப்பி இனம் என்றார்கள். 2003இல் உண்மை தெரிந்தது: படித்தது புழுவின் மரபணுவை அல்ல, அது தின்றிருந்த சிப்பியின் மரபணுவை. புழுவின் சொந்த மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது அது நட்சத்திர மீனுக்கும் நமக்கும் அருகே வந்து நின்றது. 2016இல் வெளியான ஒப்பீடு அதை அங்கிருந்து எடுத்து, மற்ற எல்லா இருபக்க விலங்குகளுக்கும் முன்பே பிரிந்த கிளையில் வைத்தது. 2019இல் வந்த மற்றொன்று மீண்டும் நட்சத்திர மீனின் பக்கத்துக்கே கொண்டுவந்தது.